டான்யூப் குரூஸ், பாஸாவ் முதல் புடாபெஸ்ட் வரை: எந்த ஊரில் குழுவோடு இறங்குவது, எங்கே தனியாக நடப்பது?

கரிசல்மண்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அப்பா (71), அம்மா (66) இருவரையும் கூட்டிக்கொண்டு டான்யூப் ஆற்றில் குரூஸ் போக டிக்கெட் போட்டாயிற்று. பாஸாவில் ஏறி மெல்க், டூர்ன்ஸ்டைன், வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்டில் இறங்குகிறோம். மொத்தம் 7 இரவு. அப்பா சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார், படி ஏறுவதுதான் முழங்காலுக்கு ஆகாது. இருவரும் சைவம்.

கம்பெனி அனுப்பிய தாளில் ஒவ்வொரு ஊருக்கும் கட்டணத்தில் சேர்ந்த சுற்று ஒன்றும், கூடுதல் காசு கட்ட வேண்டியவை இரண்டு மூன்றும் இருக்கின்றன. பெயரைப் படித்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. கரையில் கால் வைத்த பிறகு என்ன நடக்கும், எவ்வளவு நடக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்தளம்

சுற்றின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊரில் கப்பலை எங்கே கட்டுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பிராட்டிஸ்லாவாவில் துறையிலிருந்து பழைய ஊர் பத்து நிமிட நடை, அதுவும் சமதரை. அங்கே குழு இல்லாமலும் சமாளிக்கலாம். பாஸாவில் ஊருக்குள் கட்டினால் இறங்கியதும் நகரசபைக் கட்டடம். ஊருக்கு வெளியே உள்ள துறையிலோ 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஃபில்ஸ்ஹோஃபெனிலோ கட்டினால் பஸ்தான். வியன்னாவில் துறை ஊர் நடுவில் இல்லை, ஆனால் மெட்ரோ பக்கத்தில். மெல்க்கில் துறை கீழே, மடம் மேலே.

தினசரி நடைமுறை எல்லாக் கப்பலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் லவுஞ்சில் மறுநாளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு கேபினுக்கு ஒரு தாள் வரும். இறங்கும் நேரம், உங்கள் குழு, திரும்பிவர வேண்டிய கடைசி நேரம், துறையின் பெயர், கப்பலின் போன் எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் காலையில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா போனிலும் எடுத்து வையுங்கள்.

காலை 8.30, 9 மணிவாக்கில் இறக்குவார்கள். வாசலில் கேபின் கார்டை ஸ்கேனரில் காட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறும்போதும் காட்ட வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று கப்பலுக்குத் தெரிவது அந்தக் கார்டை வைத்துத்தான். காட்டாமல் இறங்கிவிட்டால், நீங்கள் கேபினில் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள்.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன ரிசீவரும் இயர்போனும் கேபினில் இருக்கும். இரவே சார்ஜில் போட வேண்டும். துறையில் கைடு எண் பலகையோடு நிற்பார், அவருடைய சேனலில் குரல் கேட்கிறதா என்று அங்கேயே சோதித்துவிட்டு நகருங்கள். கைடு ஒரு கல் கட்டடத்தின் முனை திரும்பினாலே குரல் கரகரக்கும், இன்னும் பத்தடி போனால் சுத்தமாக நின்றுவிடும். அப்படி நின்றால் தேடிக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஆள் குறைவதைப் பார்த்து அவர் திரும்பி வருவார். இயர்போன் காதில் நிற்காதவர்கள் சொந்த ஒயர் இயர்போன் கொண்டுபோகலாம், பெரும்பாலும் வழக்கமான 3.5 மி.மீ. துளைதான். ப்ளூடூத் வேலைக்கு ஆகாது.

சேர்ந்த சுற்று என்பது இரண்டு, இரண்டரை மணி நேரம், 2 முதல் 3 கிலோமீட்டர் நடை. அதில் பாதி நேரம் நின்றுகொண்டு கேட்பது. முழங்கால்காரர்களுக்கு நடப்பதைவிட இந்த நிற்பதுதான் கஷ்டம். மடக்கு ஸ்டூல் மாதிரி விரியும் கைத்தடி இருந்தால் அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

மெதுநடை

மூன்றாம்தளம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு உண்டு. தாளில் பெரிதாகப் போட மாட்டார்கள், ஏறிய அன்றே ரிசப்ஷனில் பெயர் கொடுக்க வேண்டும். அதே ஊர், அதே பாதை, இரண்டு நிறுத்தம் குறைவு, ஏற்றம் இருந்தால் சுற்றிப் போவார்கள். "நாம் என்ன அவ்வளவு வயசானவர்களா" என்று அப்பாக்கள் மறுப்பார்கள். முதல் நாள் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

தெருவெல்லாம் கல் பாவியது. பெரிய சதுரக் கல் பரவாயில்லை. கைப்பிடி அளவு உருண்டைக் கல் பதித்த தெருவில் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் அரை மணியில் பாதம் வலிக்கும், மழை பெய்தால் வழுக்கும். அம்மா புடவை கட்டுவார் என்றால் செருப்போடு வேண்டாம், சாக்ஸும் தடித்த அடியுள்ள ஷூவும் போட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

மெல்க் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், அப்பாவுக்கு அதுதான் கடினமான நாள்.

1089-இல் இருந்து பெனடிக்டைன் துறவிகள் இருக்கும் மடம். இப்போது பார்க்கிற மஞ்சள் கட்டடம் 1702-இல் தொடங்கி யாக்கோப் பிராண்டௌவர் கட்டியது. துறையிலிருந்து நடந்தால் இருபது நிமிடம், கடைசிப் பகுதி ஏற்றம். பஸ்ஸில் போனால் மடத்துக்கும் மேலே உள்ள நிறுத்தத்தில் இறக்குவார்கள், அங்கிருந்து வாசலுக்குப் படி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கு இறக்கமும் ஏற்றத்துக்குச் சமம், கைப்பிடிப் பக்கமாகப் போகச் சொல்லுங்கள். பிறகு உள்ளே மாடிக்கு ஏற ஒரு அகலமான படிக்கட்டு. மேலே போனால் 196 மீட்டர் நீளத் தாழ்வாரம், கண்காட்சி அறைகள், பளிங்கு மண்டபம், வெளியே மொட்டைமாடி, பிறகு நூலகம். நூலகத்திலிருந்து மடத்துத் தேவாலயத்துக்கு இறங்குவது ஒரு சுழல் படி. குறுகலானது, ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும், பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாது. அந்த இடத்தை மட்டும் தவிர்க்க வேறு வழி கேட்க வேண்டும். அன்று காலை கேட்டால் நடக்காது, முந்தின நாளே சொல்லிவைத்தால் கைடு மடத்து ஊழியரிடம் பேசி வைப்பார்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. மொட்டைமாடியில் எடுக்கலாம், ஆறும் ஊரும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு முடியவில்லை என்றால் மடத்துப் பூங்காவில் உட்காரலாம். அங்கே ஒரு தோட்ட மண்டபம், சுவர் முழுக்க யோஹான் பெர்கல் தீட்டிய காடும் பறவையுமாக ஓவியம். கூட்டம் மடத்துக்குள் போய்விடுவதால் இங்கே அமைதியாக இருக்கும்.

வியன்னாவாசி

வணக்கம் கரிசல்மண். வியன்னாவை நான் சொல்லுறன்.

கப்பல் பெரும்பாலும் ரைக்ஸ்ப்ரூக்க பாலத்தடியிலதான் கட்டும். அங்கையிருந்து யூ1 மெட்ரோவின்ர ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸ ஸ்டேசன் நடக்கிற தூரம். நகரப் பக்கம் ஏறி நாலாவது நிறுத்தத்தில இறங்கினால் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், லிஃப்டில மேல வந்தால் தேவாலயத்துக்கு முன்னால நிப்பியள். சில நேரம் நுஸ்டோர்ஃபில கட்டுவினம். அப்பிடியெண்டால் டி நம்பர் ட்ராம் நேர, ஊர் நடுவைச் சுற்றிப் போற ரிங் வீதிக்குப் போகும்.

காலமைச் சுற்று பஸ்ஸில ரிங் வீதியைச் சுற்றிக் காட்டி, பிறகு ஹோஃப்புர்க் அரண்மனைப் பக்கம் இறக்கி ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் வரைக்கும் நடத்திக்கொண்டு போவினம். நடை முழுக்கச் சமதரை, அப்பா வடிவா நடப்பார். இதில் சேருங்கோ. கடைசியில "பஸ்ஸில கப்பலுக்கு வாறியளா, இங்கையே நிக்கிறியளா" எண்டு கேட்பினம். நிக்கிறதெண்டால் கைடிட்டச் சொல்லிப்போட்டுத்தான் பிரிய வேணும், இல்லாட்டி உங்களைத் தேடிக்கொண்டு முப்பது பேர் பஸ்ஸில இருப்பினம்.

மெட்ரோ ரிக்கெற்றை மெஷினில வாங்கினால் நேரம் குத்தினதா எண்டு பாருங்கோ. குத்தாட்டி பிளாட்பாரத்துக்குப் போறதுக்கு முதல் நீலப் பெட்டியில குத்த வேணும். கேட் ஒண்டும் இல்லாதபடியால் பலர் மறந்துபோவினம். பிடிபட்டால் ஒராளுக்கு 100 யூரோவுக்கு மேல அபராதம், சுற்றுலாக்காரர் எண்டு விடமாட்டினம்.

ஷோன்ப்ருன் அரண்மனை கூடுதல் கட்டணச் சுற்றாக இருக்கும். தனியாகப் போறதும் லேசு. ஷ்வேடன்பிளாட்ஸில யூ4-க்கு மாறினால் ஷோன்ப்ருன் எண்டே ஸ்டேசன் இருக்கு. ஆனால் நுழைவு ரிக்கெற்றில நேரம் போட்டிருக்கும், முதலே இணையத்தில வாங்க வேணும். அண்டைக்கு வந்து வரிசையில நிண்டால் பின்னேரம்தான் இடம் கிடைக்கும், அதுக்குள்ள கப்பல் வெளிக்கிட்டிடும். கப்பல் இரவும் வியன்னாவில நிக்குமெண்டால் தனியாகப் போங்கோ, பின்னேரமே வெளிக்கிடுமெண்டால் குழுவோட போங்கோ.

பூங்குன்றம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு "இந்த ஊரில் தனியாக, அந்த ஊரில் குழுவோடு" என்று பிரிப்பது நல்லதல்ல என்பது என் கருத்து. காசு கட்டியாயிற்று, கைடு இருக்கிறார், நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பிராட்டிஸ்லாவாவில் தனியாக நடந்தால் ஒரு செவ்வகக் கோபுரமும் ஒரு தேவாலயமும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அந்தப் புனித மார்ட்டின் தேவாலயத்தில் 1563 முதல் 1830 வரை ஹங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டினார்கள், 1741-இல் மரியா தெரேசாவுக்கும் அங்கேதான், கோபுர உச்சியில் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிரீடம் இருக்கிறது. கைடு கைநீட்டிக் காட்டாவிட்டால் அந்தக் கிரீடத்தை அண்ணாந்து பார்க்கவே தோன்றாது.

இன்னொன்று, தனியாகப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. குழுவின் பஸ் நெரிசலில் மாட்டினால் காத்திருக்கும்.

மூன்றாம்தளம்

பூங்குன்றம் சொல்வதில் கடைசி வரி மிகச் சரி, அதை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் ஏழு நாளும் காலையும் மாலையும் குழுவோடு அலைந்தால் நான்காம் நாள் அப்பா கேபினை விட்டு வர மாட்டார். எதை விடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அதனால்தான் அவசியம். நான் சொல்வது காலைச் சுற்றில் சேர்ந்து, ஊர் புரிந்ததும் பிரிவது. பிராட்டிஸ்லாவாவுக்கும் இது பொருந்தும், கோட்டை மேட்டுக்கு மட்டும் நடக்க வேண்டாம், சின்ன சுற்றுலா வண்டி மேலே கொண்டுபோகும்.

தனியாகப் பிரிவதில் உள்ள பெரிய ஆபத்து வேறு. சில இடங்களில் ஒரு துறையில் இறக்கிவிட்டு, நீங்கள் ஊர் பார்க்கும் நேரத்தில் கப்பல் அடுத்த துறைக்குப் போய்விடும், பஸ் உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். மெல்க்கில் இறக்கி டூர்ன்ஸ்டைனிலோ கிரெம்ஸிலோ ஏற்றுவது இப்படித்தான். அங்கே காலையில் இறங்கிய துறைக்கே திரும்பி நடந்தால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். தாளில் இறங்கும் துறை, ஏறும் துறை இரண்டும் ஒன்றா என்று தினமும் பாருங்கள்.

கடைசி நேரம் என்று தாளில் போட்டிருப்பது புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக இருக்கும். லாக்குகளில் (கப்பலை ஆற்றின் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு இறக்கும் கதவுத் தொட்டிகள்) நுழைய வரிசை இருக்கிறது, துறையிலும் அடுத்த கப்பலுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறது, அதனால்தான் அந்தக் கெடுபிடி. பாஸாவிலிருந்து வியன்னா ரைக்ஸ்ப்ரூக்க வரை 9 லாக். கரையில் ஆங்காங்கே எண் பலகை பார்ப்பீர்கள், அது கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து தூரம்: பாஸாவ் 2226, மெல்க் 2036, வியன்னா 1929, புடாபெஸ்ட் 1647. உங்கள் பயணம் ஆற்றோட்டத்தோடு போவதால் நல்லது. எதிர்த்திசையில் வரும் கப்பலுக்கு வேகம் குறைவு, அதே ஊர்களில் நிற்கும் நேரத்தில் அது கழிந்துவிடும்.

தவறவிட்டே விட்டால் பதற வேண்டாம். தாளில் உள்ள எண்ணுக்கு போன் செய்யுங்கள், அடுத்த துறை எது, எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயில் உண்டு, வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். கப்பலைவிட ரயில் வேகம், பெரும்பாலும் நீங்கள்தான் முதலில் போய்க் காத்திருப்பீர்கள். செலவு உங்களுடையது.

கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வி. ஒன்று, பாஸாவில் முதல் நாளே சால்ஸ்பர்க் போய்வரும் கூடுதல் சுற்று இருக்கிறது, அப்பாவுக்கு ஆகுமா? இரண்டு, கப்பலோடு கப்பல் ஒட்டிக் கட்டுவார்கள், இன்னொரு கப்பல் வழியாக இறங்க வேண்டியிருக்கும் என்று எங்கோ படித்தேன். மூன்று, பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்களாமே?

மூன்றாம்தளம்

ஆமாம், துறையில் இடம் போதாத ஊர்களில் இரண்டு, மூன்று கப்பல் அடுத்தடுத்து ஒட்டிக் கட்டும். வியன்னா, புடாபெஸ்டில் சாதாரணம். வாசல்கள் நேராக அமைந்தால் பக்கத்துக் கப்பலின் ரிசப்ஷன் வழியாக நடந்து கரைக்குப் போய்விடலாம், ஒரு சிரமமும் இல்லை. நேராக அமையாவிட்டால் மேல்தளம் வரை ஏறி, அங்கிருந்து பக்கத்துக் கப்பலின் மேல்தளத்துக்குக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். பல கப்பல்களில் லிஃப்ட் திறந்த மேல்தளம் வரை போகாது. அப்பாவுக்கு அன்று ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுவதோடு போதும் என்று திட்டம் போடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி மாலை மறுபடி போவது வேண்டாம். திரும்பி வரும்போது நடுவில் வேறு கப்பல் நுழைந்திருக்கலாம், வரிசையும் மாறியிருக்கலாம், ஆகவே கப்பல் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

கேபின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் ஜன்னல் ஒரு கை தூரத்தில் இருக்கும். திரை போட மறக்காதீர்கள்.

வியன்னாவாசி

சால்ஸ்பர்க் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். பாஸாவிலயிருந்து பஸ்ஸில ஒரு வழிக்கே ஒண்டரை தொடக்கம் ரெண்டு மணித்தியாலம். போக வர நாலு மணித்தியாலம் பஸ், அங்க நாலு மணித்தியாலம் நடை. விமானத்தில வந்த அலுப்பும் போயிருக்காது. பாஸாவே நல்ல ஊர், டான்யூப், இன், இல்ஸ் எண்டு மூண்டு ஆறு சேருற இடம். மூண்டு தண்ணியும் மூண்டு நிறம், முனையில போய் நிண்டால் தெரியும்.

பாஸ்போர்ட்: வாங்கி வைப்பினம், இறங்குற நாள் திருப்பித் தருவினம். நகல் ஒண்டு கையில இருக்கட்டும். ஆனால் எல்லை தாண்டுற சுற்று எண்டால் மூலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேணும். பாஸாவ் ஜேர்மனி, சால்ஸ்பர்க் ஒஸ்திரியா. திரும்பி வரேக்க ஜேர்மன் பொலிஸ் பஸ்ஸை மறிச்சுப் பார்க்கிறது 2015-இல இருந்து வழமை. இந்தியக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிறவை நகலைக் காட்டித் தப்பேலாது. நாலு நாடும் ஷெங்கனுக்குள்ளதான், விசாவுக்குப் பிரச்சினை இல்லை. இதே ஆற்றில கீழ சேர்பியா வரைக்கும் போறவை ஷெங்கனை விட்டு வெளியில போய் உள்ள வருவினம், அவைக்குப் பலமுறை நுழையிற விசா வேணும்.

ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில வருதெண்டும் பாருங்கோ. ஜேர்மனியிலயும் ஒஸ்திரியாவிலயும் கடையெல்லாம் பூட்டு. மருந்து, பால், பழம் வாங்கிறதெண்டால் சனிக்கிழமையே வாங்குங்கோ. பெரிய ரயில் ஸ்டேசன்களுக்குள்ள சில கடை திறந்திருக்கும்.

ரைன்வழி

தண்ணீர் மட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆற்றுக் குரூஸில் சுற்றுகள் தலைகீழாக மாறுவது இதனால்தான்.

தண்ணீர் அதிகமானால் கப்பல் பாலத்துக்கடியில் நுழையாது, மட்டம் ஒரு அளவைத் தாண்டினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் வெள்ளம் வந்தபோது குரூஸ் கப்பல்கள் வியன்னாவிலேயே நின்றன. பாஸாவில் நகரசபைக் கோபுரச் சுவரில் பழைய வெள்ளங்களின் கோடுகளும் ஆண்டுகளும் போட்டிருக்கின்றன. 2013 ஜூனில் மட்டம் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அதுதான் அதிகம். அந்தக் கோடு நிற்பவர் தலைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று அங்கே நின்று பாருங்கள்.

குறைந்தால் அடி தட்டும். ரைன் ஆற்றில் கௌப் என்ற ஊரின் அளவுகோலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. வரை இறங்கியது. அது ஆற்றின் ஆழம் அல்ல, கப்பல் போகும் தடத்தில் அதைவிட ஏறக்குறைய 1.1 மீட்டர் கூடுதலாக இருக்கும். செய்தியில் "25 செ.மீ. தண்ணீர்" என்று படித்துப் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டான்யூபில் இடைஞ்சல் அதிகம் வருவது பாஸாவுக்கு மேலே, ஷ்ட்ராவ்பிங் முதல் ஃபில்ஸ்ஹோஃபென் வரை அணையில்லாத பகுதியில். கரிசல்மண் பாஸாவில் ஏறுவதால் அந்தத் தலைவலி இல்லை. மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையில் உள்ள வாஹா பள்ளத்தாக்கும் வியன்னாவுக்குக் கீழேயும் அணையில்லாத பகுதிகள்தான் என்பதால் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படி ஆனால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும், சுற்றுகள் பஸ்ஸில் நடக்கும். அரை மணி தூரம் இரண்டு மணி ஆகும். அல்லது பெட்டியைக் கட்டி, பஸ்ஸில் போய் மறுபக்கம் நிற்கும் இன்னொரு கப்பலில் ஏற வேண்டும். அப்பாவின் மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ரைனில் போகிறவர்களுக்கு ஒரு வரி. கொலோனில் துறையிலிருந்து தேவாலயம் நடக்கும் தூரம், குழு தேவையில்லை, தெற்குக் கோபுரம் 533 படி. ஸ்ட்ராஸ்பர்க் என்று போட்டுவிட்டு எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேலில் கட்டினால் அங்கிருந்து ட்ராம் ஊருக்குள் போகிறது. ஹைடல்பெர்க் பெரும்பாலும் பஸ்தான், அங்கே இறக்கும் துறையும் ஏற்றும் துறையும் வேறு வேறாக இருப்பது சகஜம்.

மெதுநடை

சாப்பாட்டைப் பற்றி. கப்பலில் சைவம் முன்பே சொன்னால் கிடைக்கும். கரையில்தான் கவனம் வேண்டும். ஆஸ்திரியாவில் ஃப்ரிட்டாட்டன் சூப் என்று தெளிந்த ரசம் மாதிரி, தோசையை நூலாக நறுக்கிப் போட்டு வரும். பார்த்தால் சைவம், ஆனால் மாட்டிறைச்சி வேகவைத்த நீர். உருளைக்கிழங்கு சூப்பிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கலாம். ஸ்லோவாக்கியாவில் ஹலுஷ்கி என்ற உருண்டையை செம்மறி ஆட்டுப்பால் சீஸோடு தருவார்கள், மேலே பன்றி இறைச்சி தூவுவது வழக்கம், வேண்டாம் என்று ஆர்டர் செய்யும்போதே சொல்ல வேண்டும். ஜெர்மன் பேசும் ஊர்களில் "ஓன ஃப்ளைஷ், ஓன ஷ்பெக்" என்று இரண்டையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் பன்றிக் கொழுப்பு அதில் அடக்கம் என்று சமையற்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். முட்டையும் ஆகாது என்றால் கேக் வகையறா பக்கமே போக வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் வாஹாவில் திராட்சை அறுவடை. டூர்ன்ஸ்டைன் கடைகளில் கலங்கலான மஞ்சள் பானம் கண்ணாடி டம்ளரில் வைத்திருப்பார்கள். கரும்புச் சாறு மாதிரி இருக்கும், இனிக்கும். பெயர் ஷ்டுர்ம். அது பாதி புளித்த ஒயின். அம்மா அப்பாவுக்குச் சாறு என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். "ட்ராவ்பென்சாஃப்ட்" என்று கேட்டால் வெறும் திராட்சைச் சாறு.

கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயம் தனிப் பையில் இருக்கட்டும். பஸ்ஸில் கழிப்பறை இருந்தாலும் திறக்க மாட்டார்கள். சுற்று முடிவில் கைடுக்கு ஒருவருக்கு 2 யூரோ, டிரைவருக்கு 1 யூரோ தருவது வழக்கம், கட்டாயமில்லை.

பூங்குன்றம்

டூர்ன்ஸ்டைன் வந்ததால் சொல்கிறேன். மேலே தெரியும் இடிந்த கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை 1192-93 குளிர்காலத்தில் ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட் அடைத்து வைத்தார். ஏற அரை மணி, செங்குத்து, சீரில்லாத கல். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். கீழே ஊர் ஒரே தெருதான். துறையிலிருந்து ஊருக்கு ஏறுவதற்கே கொஞ்சம் படி இருக்கிறது, அதை ஒருமுறை ஏறினால் போதும்.

மெல்க்கிலிருந்து டூர்ன்ஸ்டைன் வரை 27 கிலோமீட்டர், அந்தப் பகுதியில் கப்பல் பகலில் போகுமென்றால் சைக்கிள் சுற்று, ஒயின் சுற்று எதிலும் சேராமல் மேல்தளத்தில் உட்காருங்கள். கூடுதல் காசு கட்டும் எந்தச் சுற்றையும்விட இது மேல் என்று நான் நினைக்கிறேன். ஓட்டத்தோடு போகும்போது வலப்பக்கம் முதலில் ஷோன்பூயல், பிறகு உச்சிப் பாறையில் ஆக்ஸ்டைன் கோட்டை. இடப்பக்கம் வில்லன்டோர்ஃப், ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஹன், படிப்படியாகக் கல் அடுக்கிய திராட்சைத் தோட்டங்கள். வில்லன்டோர்ஃபில் 1908-இல் கிடைத்த 11 செ.மீ. பெண் சிலை இப்போது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்தளத்தில் காற்று அடிக்கும், அம்மாவுக்குக் காதை மூட ஒரு ஸ்கார்ஃப்.

மூன்றாம்தளம்

புடாபெஸ்ட் மட்டும் மீதி.

ஆற்றின் ஒரு கரை பெஸ்ட், எதிர்க்கரை புடா. காலைச் சுற்று பஸ்ஸில் பெஸ்ட் பக்கம் சுற்றிவிட்டு புடா மேட்டுக்குப் போகும். பெரிய பஸ் கோட்டைப் பகுதிக்குள் முழுவதும் போகாது, இறங்கி ஏற்றமாக நடக்க வேண்டும். மெதுநடைக் குழுவில் சேருங்கள். அல்லது டெயாக் சதுக்கத்திலிருந்து 16-ஆம் எண் நகரப் பஸ்ஸைப் பிடித்தால் மேலேயே இறங்கலாம். அந்த மேட்டில் உள்ள மீனவர் கொத்தளத்தின் கீழ்மாடங்களுக்கு டிக்கெட் இல்லை, மேல் கோபுரங்களுக்குத்தான் டிக்கெட். காட்சி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

நாடாளுமன்றத்தின் உள்ளே பார்க்க வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்னதாக இணையத்தில் டிக்கெட் எடுங்கள். கப்பல் சுற்றில் பெரும்பாலும் வெளியிலிருந்து காட்டுவதோடு சரி. கட்டணம் ஐரோப்பியக் குடிமக்களுக்குக் குறைவு, நமக்கு முழுக் கட்டணம். ட்ராமில் 65 வயதுக்கு மேல் இலவசம் என்று யாராவது சொன்னால் அதுவும் அவர்களுக்குத்தான், அம்மா அப்பாவுக்கு டிக்கெட் வாங்கிக் குத்த வேண்டும். 2-ஆம் எண் ட்ராம் பெஸ்ட் கரையோடு போகிறது, கப்பல் துறை, நாடாளுமன்றம், சந்தைக் கூடம் எல்லாம் அதே வழி. அப்பாவுக்கு அந்த ட்ராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறை போய் வருவதே ஒரு சுற்று. பணம் ஃபோரின்ட், நாணயமாக மிஞ்சினால் மாற்ற முடியாது, கார்டே போதும்.

கரிசல்மண்

எழுதிவைத்துக்கொண்டேன். பாஸாவில் மெதுநடைக் குழு, பிறகு மூன்று ஆறு சேரும் முனை, சால்ஸ்பர்க் இல்லை. மெல்க்கில் சுழல் படி பற்றி ஏறிய அன்றே ரிசப்ஷனில் சொல்வது. வாஹாவில் மேல்தளம். வியன்னா காலைச் சுற்று மட்டும், ஷோன்ப்ருன் நானும் அம்மாவும், அப்பா ஓய்வு. பிராட்டிஸ்லாவா குழுவோடு. புடாபெஸ்டில் 16-ஆம் எண் பஸ், 2-ஆம் எண் ட்ராம். பாஸாவ் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் இருக்கிறதாமே, கேட்க முடியுமா?

பூங்குன்றம்

அதில் 17,974 குழாய். மதியக் கச்சேரி வைக்கும் நாள்களில் டிக்கெட் வாங்கி உள்ளே உட்காரலாம். நீங்கள் இருக்கும் நாளில் உண்டா என்று ஏறியதும் ரிசப்ஷனில் கேளுங்கள். கச்சேரி நேரத்தில் சும்மா சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், ஆகவே உள்ளே பார்ப்பதென்றால் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தேவாலயம் ஊரின் உயரமான இடத்தில் இருக்கிறது, ஆற்றோரத்திலிருந்து ஏறும் சந்துகளில் படி உண்டு. படியில்லாத தெரு எது என்று கைடிடம் கேட்டு அப்பாவை அந்த வழியாகக் கூட்டிப் போங்கள்.

வியன்னாவாசி

அப்பாவைக் கப்பலில தனிய விட்டுட்டு ஷோன்ப்ருன் போறதெண்டால் கப்பல் அண்டைக்கு இடம் மாறுதா எண்டு மட்டும் கேட்டுப் பாருங்கோ. ரைக்ஸ்ப்ரூக்கவில விட்டிட்டுப் பின்னேரம் நுஸ்டோர்ஃபில நிக்கிறதும் நடக்கும்.